டிசைனைப் பார்த்து மயங்காதீங்க பாஸ்!

நாலு பேரா சேர்ந்து வாடகைக்கு வீடு பிடிச்சாச்சு. கிச்சன்ல மேடை மட்டும் மிஸ்ஸிங்! கிரானைட் போட்டா காலி பண்றப்போ பெயர்த்து எடுத்துட்டுப் போக முடியுமா? ஒரு மேஜை அடிச்சு, மேல சன்மைக்கா ஒட்டிடுங்க. நம்ம பட்ஜெட்டுக்கு அதான் சரி.

கடையில டிசைன் ஆல்பத்தை விரிப்பாங்க. மார்பிள், தேக்குன்னு ஜொலிக்கும். எல்லாமே பிசின்ல ஊறவெச்சு அழுத்தின காகிதம்தான்! 1912-ல் அமெரிக்காவில், மின்சாதனங்களில் மைக்காவுக்குப் பதிலாகப் போட உருவாக்கிய சரக்கு. 'ஃபார் மைக்கா'தான் 'ஃபார்மைக்கா' ஆச்சு.

மேல தண்ணி கொட்டினா துடைச்சா போச்சு. ஓரத்துல இறங்கினாதான் வில்லங்கம். அடியில இருக்கிற பலகை தண்ணி குடிச்சு உப்பிடும். பார்ட்டிகிள் போர்டுன்னா கேக்கவே வேணாம், தண்ணியில போட்ட ரஸ்க்! அதனால டிசைன்ல மிச்சம் பிடிச்சு, பலகையில போடுங்க. ப்ளைவுட்ல 'ஐ.எஸ். 710' முத்திரை இருக்கான்னு பாருங்க. 'எம்.ஆர்.'னு இருந்தா ஈரக்காத்தைத்தான் தாங்கும், தண்ணியை இல்ல. நாலு ஓரத்தையும் மூடித் தரச் சொல்லி ஆசாரிகிட்ட அடம்பிடிங்க.

முழு ஷீட் 8-க்கு 4 அடி. உங்க மேஜை 4-க்கு 2 அடின்னா கால்வாசி போதும். கூச்சப்படாம கட் பீஸ் கேளுங்க. 1 மி.மீ. தடிமன் இருக்கட்டும். வெள்ளை வேண்டவே வேண்டாம், மஞ்சள்தூள் மானத்தை வாங்கிடும்.

அப்புறம், கொதிக்கிற குக்கரை நேரா மேல வெச்சா கொப்புளம்தான். ஊர்லேர்ந்து வர்றப்போ அம்மாகிட்ட ஒரு பிரிமணை வாங்கிட்டு வந்துடுங்க!