அலைக்கற்றையும் அனுமதிப்பத்திரமும்: இந்தியக் கைத்தொலைபேசியின் தலைமுறைகள் பற்றி ஒரு நோக்கு

கைத்தொலைபேசியின் வளர்ச்சியை முதலாந் தலைமுறை, இரண்டாந் தலைமுறை எனப் பகுத்துக் கூறுவது இன்று பெருவழக்காகிவிட்டது. விளம்பரங்கள் இப்பகுப்பையே பேசுகின்றன. பாடநூல்களும் பெரும்பாலும் அதனையே பின்பற்றுகின்றன. இப்பகுப்புப் பிழையானதன்று. ஆயின் அது கருவியின் வரலாற்றை மட்டும் கூறுகின்றது. அக்கருவி இயங்குதற்கான அலைவெளியை யார், யாருக்கு, என்ன விலைக்கு வழங்கினர் என்பதைக் கூறாது விட்டுவிடுகின்றது. வானொலி அலை எந்தத் தொழிற்சாலையிலும் உற்பத்தியாவதன்று. அதனைப் பயன்படுத்தும் உரிமையை அரசு ஒரு பத்திரத்தின் மூலம் வழங்குகின்றது. அப்பத்திரத்துக்கும் தலைமுறைகள் உண்டு. இவ்விரு வரலாறுகளும் ஒன்றையொன்று எவ்வாறு ஊடறுத்துச் சென்றுள்ளன என்பதை இந்தியாவை எடுத்துக்காட்டாகக் கொண்டு நாம் இங்கு நோக்குவோம்.

முதலில் அலைவெளியின் அருமை பற்றிச் சிறிது கூறவேண்டும். ஒரே மீடிறனில், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இருவர் பேசினால் இருவர் பேச்சும் குழம்பிவிடும். ஆதலால் நகரின் நடுவே உயர்ந்த கோபுரமொன்றை நிறுத்தி முழு நகரத்துக்கும் ஒலிபரப்பிய பழைய ஊர்தித் தொலைபேசிகளில் ஒரே வேளையில் மிகச் சிலரே பேச முடிந்தது. இத்தடையை நீக்கும் வழியை பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டக்ளஸ் றிங் 1947 டிசெம்பரில் எழுதிய குறிப்பொன்றிற் காண்கிறோம். நகரத்தைத் தேன்கூட்டின் அறைகளைப் போலச் சிறு சிறு கலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வலுக் குறைந்த நிலையமொன்றை அமைத்தால், ஒரு கலத்திற் பயன்பட்ட மீடிறனைச் சற்றுத் தொலைவிலுள்ள மற்றொரு கலத்தில் மீண்டும் பயன்படுத்தலாம். அலை பெருகுவதில்லை, அது பயன்படும் தடவைகளே பெருகுகின்றன. பேசுபவர் ஒரு கலத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது பேச்சு அறாது கைமாற்றுதற்குக் கணினி வேண்டியிருந்தது. அலையை ஒதுக்க அமெரிக்க அதிகாரிகளும் காலந் தாழ்த்தினர். எனவே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இக்கருத்துக் காத்திருக்க நேர்ந்தது. 1979இல் தோக்கியோவிலும், 1981இல் ஸ்கந்திநேவிய நாடுகளிலும், 1983இல் சிக்காகோவிலும் வணிகச் சேவைகள் தொடங்கின.

இம்முதலாந் தலைமுறையில் பேச்சு நடக்கும் நேரம் முழுவதும் ஓர் அலைவழி ஒருவருக்கே உரியதாயிருந்தது. 1991 யூலையிற் பின்லாந்தில் தொடங்கிய ஜி.எஸ்.எம். முறையோ பேச்சை இலக்கங்களாக மாற்றியது. ஒரே அலைவழியை எட்டுப் பேர், பங்குக் கிணற்றில் முறைவைத்து நீர் இறைப்பதுபோல, நேரத்தைக் கூறுபோட்டுப் பகிர்ந்துகொண்டனர். முறை அத்துணை விரைவாகச் சுழல்வதால் எவருக்கும் இடைவெளி புலப்படாது. சி.டி.எம்.ஏ. என்னும் மற்றொரு முறையில் அனைவரும் ஒருங்கே பேசுவர். ஒவ்வொருவர் பேச்சும் தனித்தனிக் குறியீட்டாற் பிரித்தறியப்படும். மூன்றாந் தலைமுறை தரவுக்கு இடமளித்தது. நான்காந் தலைமுறையிற் பேச்சும் தரவாகவே ஆகிவிட்டது. இக்கடைசி மாற்றம் சிறிதெனத் தோன்றினும், பேச்சுக்கு ஒரு பத்திரமும் தரவுக்கு ஒரு பத்திரமும் என வகுத்திருந்த சட்டங்களை அதுவே செல்லாக்காசாக்கியது.

இனி, அலையை எவ்வாறு பகிர்ந்தளிப்பது? அதிகாரிகள் தகுதி பார்த்துத் தெரிவு செய்வது ஒரு முறை. அமெரிக்கா 1980களிற் சீட்டுக் குலுக்கியும் பார்த்தது. 1989இற் கேப் கோட் பகுதிக்கான பத்திரம் பல் வைத்தியர்கள் சிலருக்கு விழுந்தது. அவர்கள் அதனை உடனடியாகத் தொலைபேசிக் கம்பனியொன்றுக்கு 4 கோடியே 10 இலட்சம் டொலருக்கு விற்றுவிட்டனர். அலையை ஏலத்தில் விடலாமென றொனால்ட் கோஸ் 1959இலேயே வாதிட்டிருந்தார். அமெரிக்கா அதனை 1994இல் நடைமுறைப்படுத்தியது. 2000ஆம் ஆண்டிற் பிரித்தானியாவின் மூன்றாந் தலைமுறை ஏலம் 2,250 கோடி பவுணை ஈட்டியபோது உலக நிதியமைச்சர்கள் அனைவரது கண்களும் அகல விரிந்தன.

இந்தியாவில் அரசின் தனியுரிமைக்கு 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டமே அடிப்படையாயிருந்தது. குடியேற்ற ஆட்சி தன் பாதுகாப்புக் கருதி இயற்றிய சட்டம், தாராளமயக் காலத்திற் கம்பனிகளுக்குப் பத்திரம் வழங்கும் கருவியாயிற்று. நூறு பேருக்கு 0.8 தொலைபேசியே இருந்த நிலையை எடுத்துக்காட்டி 1994ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை தனியார் முதலுக்குக் கதவு திறந்தது. நான்கு பெருநகரங்களில் நகருக்கு இரு கம்பனிகள் வீதம் தெரிவு செய்யப்பட்டன. 1995 யூலை 31ஆந் திகதி மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து தில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். தனியார் கைத்தொலைபேசியின் முதற்குரல் ஒரு மார்க்ஸிய முதலமைச்சரின் குரலாயிருந்தமை வரலாற்றின் குறும்பு எனலாம். அன்று நிமிடமொன்றுக்கு 16 ரூபாவரை அறவிடப்பட்டது. வரும் அழைப்புக்கும் பணங் கட்ட வேண்டும். (பெறுபவர் கட்டும் முறை 2003 மே மாதத்திலேயே நீங்கியது.)

ஏனைய மாநிலங்களுக்குக் கேள்விப்பத்திரம் கோரப்பட்டது. கம்பனிகள் சந்தையின் அளவை அறியாது பெருந்தொகைகளை வாக்களித்தன. பின்னர் கட்ட இயலாது திணறின. 1999ஆம் ஆண்டின் புதிய கொள்கை நிலையான கட்டணத்தைக் கைவிட்டு, வருமானத்தில் ஒரு பங்கைச் செலுத்தும் முறைக்கு அவற்றை மாற்றியது. இது பின்னோக்கிப் பார்க்கையில் ஒரு திருப்புமுனையாகும். கட்டணம் குறைந்தது, சேவை பரவியது. அதேவேளை, ஒப்புக்கொண்ட விலை பாரமாகும்போது அரசு இறங்கிவரும் என்ற பாடத்தையும் கம்பனிகள் கற்றுக்கொண்டன. அப்பாடத்தை அவை பின்னர் மறந்ததாகத் தெரியவில்லை.

2001இல் நாடு முழுவதற்குமான நுழைவுக் கட்டணம் ஏலத்தின் வழி ஏறத்தாழ 1,650 கோடி ரூபா என அமைந்தது. இத்தொகையை வாசகர் மனங்கொள்ளுதல் வேண்டும். 2008 சனவரி 10ஆந் திகதி, ஆ. இராசா தொலைத்தொடர்பு அமைச்சராயிருந்த வேளையில், புதிய பத்திரங்களுக்கான சம்மதக் கடிதங்கள் அதே 2001ஆம் ஆண்டு விலைக்கு, முதலில் வந்தவருக்கு முதலில் என்ற முறையில் வழங்கப்பட்டன. விண்ணப்பங்களை ஏற்கும் இறுதித் திகதி 2007 ஒற்றோபர் 1 என அறிவிக்கப்பட்டிருக்க, செப்ரெம்பர் 25உடன் நின்றவையே கணக்கில் எடுக்கப்பட்டன. புதிதாகப் பத்திரம் பெற்றோருட் சிலர் கோபுரம் நாட்டுமுன்னரே தம் கம்பனிகளின் பங்குகளை வெளிநாட்டாருக்கு விற்றனர். யுனிடெக்கின் தொலைத்தொடர்புக் கம்பனியில் மூன்றில் இரண்டு பங்கை நோர்வேயின் ரெலெனோர் ஏறத்தாழ 6,120 கோடி ரூபாவுக்கு வாங்கியது. கேப் கோட் பல் வைத்தியரின் கதை கங்கைக் கரையில் மீண்டும் நடந்தேறியது எனின் மிகையாகாது.

2010இற் கணக்காய்வுத் தலைவரின் அறிக்கை வெளிவந்தது. அதிற் கூறப்பட்ட 1,76,000 கோடி ரூபா இழப்பு என்ற எண்ணே பலரது நினைவில் நிற்கின்றது. உண்மையில் அவ்வறிக்கை வெவ்வேறு அடிப்படைகளிற் பல மதிப்பீடுகளைத் தந்தது. அவற்றுள் மிகக் குறைந்தது 57,000 கோடியளவினது. மிகக் கூடியது 2010இன் மூன்றாந் தலைமுறை ஏல விலையை இரண்டாந் தலைமுறை அலைக்குப் பொருத்தியதாற் கிடைத்தது. உச்சநீதிமன்றம் 2012 பெப்ரவரி 2ஆந் திகதி 122 பத்திரங்களை இரத்துச் செய்தது. எனினும் அதே ஆண்டு நவம்பரில் அவ்வலைகள் ஏலத்துக்கு வந்தபோது, விலைத்தளம் மிக உயர்ந்திருந்தமையால் 9,400 கோடி ரூபா மட்டுமே கிடைத்தது. 2017 டிசெம்பரிற் சிறப்பு நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. அதற்கெதிரான மேன்முறையீட்டை 2024இல் தில்லி உயர்நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. தனிமனிதரின் குற்றம் பற்றித் தீர்ப்புக் கூறுவது நம் பணியன்று. முறையில் நேர்ந்த கோணலை விளங்கிக்கொள்ள அத்தீர்ப்பு வேண்டியதுமில்லை.

பொதுவிவாதத்தில் இதைவிடக் குறைவாகப் பேசப்பட்டதும், நம் கருத்தில் இதைவிட முக்கியமானதுமான நிகழ்ச்சி ஒன்றுண்டு. 2010இல் அகல்பட்டைத் தரவுக்கெனத் தனியே ஓர் ஏலம் நடந்தது. இன்போரெல் என்னும் அறியப்படாத கம்பனி ஒன்று 12,848 கோடி ரூபாவுக்கு நாடு முழுவதற்குமான அலையை வென்றது; வென்ற நாளிலேயே றிலையன்ஸ் இண்டஸ்றீஸ் அதனை வாங்கப்போவதாக அறிவித்தது. பத்திரம் தரவுக்கு மட்டுமே உரியது. 2013இல் எல்லாச் சேவைகளுக்குமான ஒருங்கிணைந்த பத்திரம் அறிமுகமாயிற்று. அதற்கு மாறிப் பேச்சுரிமையையும் பெறுதற்கு அக்கம்பனி மேலதிகமாகச் செலுத்திய தொகை யாது? அதே 1,650 கோடி ரூபாவே. முறையீடு உச்சநீதிமன்றம்வரை சென்று 2016இல் தள்ளுபடியாயிற்று. அவ்வாண்டு செப்ரெம்பரில் ஜியோ சேவை தொடங்கியது. நான்காந் தலைமுறையிற் பேச்சென்பது தரவின் ஒரு சிறு துளியாகையால் பேச்சை இலவசமாகவே அளித்தது. இங்கு தொழில்நுட்பத்தின் தலைமுறையும் பத்திரத்தின் தலைமுறையும் ஒரே கையிற் சேர்ந்தன.

பயனாளருக்கு இதனாற் பெருநன்மை விளைந்தது என்பதை மறுப்பதற்கில்லை. கூலியுழைப்பாளரும் இணையத்தை எட்டினர். மறுபுறத்திற் போட்டியாளர் ஒவ்வொருவராக மறைந்தனர். 1999இல் தமிழ்நாட்டிற் சேவை தொடங்கிய எயார்செல் 2018இல் முறிந்தபோது, அம்மாநிலத்திற் பெருந்தொகையானோர் சில நாட்களுக்குள் தம் இலக்கங்களை வேறு கம்பனிக்கு மாற்ற அலைய வேண்டியதாயிற்று. அவ்வாண்டே வோடபோனும் ஐடியாவும் ஒன்றிணைந்தன. 2019 ஒற்றோபரில் வந்த தீர்ப்பு எஞ்சியோரையும் உலுப்பியது. 1999இன் உடன்பாட்டில் இருந்த வருமானம் என்ற சொல் தொலைபேசி வருமானத்தை மட்டுமா, வட்டியையும் சொத்து விற்பனையையும் உள்ளடக்குமா என்பதே வழக்கு. உள்ளடக்கும் என நீதிமன்றம் கூற, இருபதாண்டு நிலுவை வட்டியுடனும் தண்டத்துடனும் எழுந்து நின்றது. வோடபோன் ஐடியா கட்ட இயலாத தொகையின் ஒரு பகுதியை அரசு பங்குகளாக மாற்றிக்கொண்டது; 2025இல் அரசின் பங்கு நூற்றுக்கு 49 அளவுக்கு உயர்ந்தது. தனியார்மயத்துக்கெனத் திறக்கப்பட்ட கதவின் வழியே அரசு பெரும் பங்காளராக மீண்டும் உள்ளே வந்த விந்தை இது!

ஏலத்தை ஆதரிப்போர், அலைக்குக் கொடுத்த விலை செலவழிந்துபோன பணமாதலாற் பயனாளர் கட்டணத்தைப் பாதிக்காது என்பர். கட்டணத்தைப் பொறுத்தவரை இதில் உண்மையுண்டு. ஆயின் எத்தனை கம்பனிகள் களத்தில் எஞ்சும் என்பதை அவ்விலை தீர்மானிக்கின்றது. எஞ்சியவை எங்கு கோபுரம் நாட்டும் என்பதையும் அதுவே பாதிக்கின்றது. இலாபம் தராத மலைக் கிராமத்துக்கென 2002இல் உலகளாவிய சேவை நிதியம் ஏற்படுத்தப்பட்டு, வருமானத்தில் நூற்றுக்கு 5 அதற்கென அறவிடப்பட்டது. அது அறவிடப்பட்ட வேகத்திற் செலவிடப்படவில்லை.

இலங்கையின் பாதை அளவிற் சிறிதெனினும் காலத்தால் முந்தியது. தென்னாசியாவின் முதற் செல்லிடத் தொலைபேசிச் சேவை 1989இல் இங்குதான் தொடங்கியது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டமும் 1996இல் அமைந்த ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் அதன்பின் வந்தவை. யாழ்ப்பாணத்திற் கைத்தொலைபேசி பரவத் தொடங்கியதோ 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின்னரே. பல கம்பனிகள் போட்டியிட்ட சந்தையில் 2024ஆம் ஆண்டின் இணைப்புக்குப் பின் மூன்றே எஞ்சியுள்ளன. நாட்டின் பரப்பும் சட்டங்களும் வேறாயிருக்க, விளைவு ஒன்றாயிருத்தல் ஆய்வுக்குரியது.

இந்தியாவில் 1885ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2023இற் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது. ஏலத்தைப் பொதுவிதியாக ஏற்ற அச்சட்டம், செய்மதித் தொடர்பு உள்ளிட்ட சில பயன்பாடுகளுக்கான அலையை ஏலமின்றி நிருவாக ஒதுக்கீட்டின் மூலம் வழங்க இடமளித்துள்ளது. செய்மதிக் கம்பனிகள் இதனை வரவேற்றன. தரைக் கோபுரங்களுக்கு ஏலத்திற் பணங் கட்டியோர், தமக்கொரு நீதியும் வானிலிருந்து வருவோர்க்கு வேறொரு நீதியுமா என வினவினர். ஒரே செய்மதி அலையைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தலாமாகையால் அதனைத் துண்டாக்கி ஏலமிட முடியாது என்பது அரசின் விடை. பௌதிகம் தெரிந்தோர் இவ்விடையை ஏற்பர். எனினும் அதே வாடிக்கையாளருக்கு அதே சேவையை விற்கும் நாளில், அவ்வொதுக்கீட்டுக்கு என்ன விலை குறிக்கப்படும் என்ற வினா பௌதிகத்தினுள் அடங்குவதன்று.