தொற்றும் குருதிப் புரதங்களும்: பற்றீரியா ஒன்று, விலங்குகள் வேறு

மாணவர்களே, "பற்றீரியாத் தொற்றின்போது குருதிப் புரதங்களில் ஏற்படும் மாற்றங்களை விளக்குக" என்று கேட்டால், "பிறபொருளெதிரிகள் உண்டாகும்" என ஒரே வரியில் முடித்துவிடுவோர் பலர். இது பாதி விடையே. முதன்முறை தொற்றும்போது பிறபொருளெதிரிகள் தோன்றச் சில நாட்கள் செல்லும். அதற்கு முன்னரே, சில மணித்தியாலங்களில், வேறு சில புரதங்கள் குருதியிற் பெருகத் தொடங்கிவிடும். இவை தீவிர அவத்தைப் புரதங்கள் எனப்படும்.

கண்டறியப்பட்ட விதம்

1930 இல் நியூயோர்க்கின் ரொக்பெல்லர் நிறுவனத்தில் வில்லியம் ரில்லெற், தோமஸ் பிரான்சிஸ் ஆகிய இருவரும் நியுமோனியா நோயாளரின் குருதி நீர்ப்பாயத்தை ஆராய்ந்தனர். நியுமோனியாப் பற்றீரியாவிலிருந்து பிரித்தெடுத்த 'சீ' எனும் பல்சக்கரைட்டுப் பகுதியுடன் அந்நீர்ப்பாயம் வீழ்படிவைத் தந்தது. நோயாளர் குணமடைந்ததும் இத்தாக்கம் மறைந்தது. பிறபொருளெதிரியாயின் குணமடைந்த பின்னரும் குருதியில் நிலைத்திருக்க வேண்டும். எனவே இது வேறொரு பொருள் என்பது தெளிவாயிற்று. இதுவே பின்னர் சீ தாக்கப் புரதம் (சீ.ஆர்.பி.) எனப் பெயர் பெற்றது. இங்குள்ள 'சீ'க்கும் விற்றமின் சீக்கும் தொடர்பில்லை என்பதை நினைவிற் கொள்க.

தோன்றும் விதமும் தொழிலும்

1. பற்றீரியா இழையத்தினுள் புகுந்ததும் பெருந்தின்குழியங்கள் அதனை இனங்காண்கின்றன.
2. அவை இன்ரர்லியூக்கின்-6 போன்ற செய்திப் பொருட்களைக் குருதியில் விடுகின்றன.
3. இச்செய்தி ஈரலை அடைகிறது. ஈரற் கலங்கள் தீவிர அவத்தைப் புரதங்களைப் பெருமளவில் தொகுக்கின்றன. அதேவேளை அல்புமினின் அளவு குறைகிறது. ஆகவே "எல்லாப் புரதங்களும் கூடும்" என எழுதுவது தவறு.
4. சீ.ஆர்.பி. கல்சியம் அயன்களின் முன்னிலையில் பற்றீரியாவின் மேற்பரப்பிற் பிணைகிறது. நிரப்பு புரதங்களைத் தூண்டுகிறது. இதனால் தின்குழியங்கள் பற்றீரியாவை இலகுவாக விழுங்குகின்றன.

மனிதரில் சீ.ஆர்.பி. ஏறத்தாழ 6 மணித்தியாலங்களிற் கூடத் தொடங்கி, 2 நாட்களளவில் உச்சத்தை அடையும். கடுந்தொற்றில் 1000 மடங்கு வரை உயரவும் கூடும்.

விலங்குக்கு விலங்கு வேறுபாடு

ஆய்வுகூட விலங்குகள் யாவும் ஒரே புரதத்தைப் பெருக்குவதில்லை. இதுவே இப்பகுதியில் மிக முக்கியமானது.

முயல்: மனிதரைப் போன்றே சீ.ஆர்.பி. பெரிதும் கூடும். முயலில் இத்தகைய புரதம் உண்டென்பது 1951 இல் அறிக்கையிடப்பட்டது.

சுண்டெலி: சீ.ஆர்.பி. மிகச் சிறிதளவே உண்டு. தொற்றின்போதும் பெரிதாகக் கூடாது. பதிலாக, நீர்ப்பாய அமிலோயிட்டு ஏ, நீர்ப்பாய அமிலோயிட்டு பீ ஆகியன கூடும்.

எலி: சுகதேகியான எலியிலேயே சீ.ஆர்.பி. அதிகம் உண்டு, தொற்றின்போது சிறிதளவே மேலும் கூடும். அல்பா-2 மக்ரோகுளோபியூலினே பெருமளவு உயரும். மனிதரில் இப்புரதம் அவ்வாறு உயர்வதில்லை.

இவ்வேறுபாட்டை அறியாத ஒருவர் சுண்டெலியில் மருந்தொன்றைச் சோதித்து, சீ.ஆர்.பி.யை மட்டும் அளந்தால் என்ன நேரும்? தொற்றினால் இறக்கும் நிலையிலுள்ள விலங்கையும் நலமானது எனக் கருதிவிடுவார். பயனற்ற மருந்து பயனுள்ளதாகத் தோன்றும். ஆகவே பரிசோதனையைத் திட்டமிடும்போது விலங்கையும் அளக்கவேண்டிய புரதத்தையும் சேர்த்தே தெரிவு செய்தல் வேண்டும்.

பயிற்சி வினா

பற்றீரியா உட்செலுத்தப்பட்ட சுண்டெலியொன்றில் 24 மணித்தியாலங்களின் பின் சீ.ஆர்.பி. குறிப்பிடத்தக்களவு கூடவில்லை, பிறபொருளெதிரியும் காணப்படவில்லை. "தொற்று ஏற்படவில்லை" எனும் முடிவு ஏற்கத்தக்கதா?

விடைக் குறிப்பு: ஏற்கத்தக்கதன்று. (அ) சுண்டெலியில் சீ.ஆர்.பி. தொற்றைக் காட்டும் பிரதான புரதம் அன்று. (ஆ) பிறபொருளெதிரி தோன்ற 24 மணித்தியாலங்கள் போதாது. (இ) நீர்ப்பாய அமிலோயிட்டுப் புரதங்களை அளந்து, உப்புக்கரைசல் மட்டும் செலுத்தப்பட்ட கட்டுப்பாட்டுச் சுண்டெலியுடன் ஒப்பிட்ட பின்னரே முடிவு கூறல் வேண்டும்.

மூன்று காரணங்களையும் தனித்தனி வாக்கியமாக எழுதுக. "விலங்குகளில்" எனப் பொதுப்பட எழுதாது, எந்த விலங்கு என்பதைக் குறிப்பிடுக.