மணப்பந்தலில் மாறிய முடிகள்

அன்றொரு நாள் வரலாற்று வகுப்பில், 1619 இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமானதைக் கூறிக்கொண்டிருந்தேன். மாணவன் ஒருவன் எழுந்து, "அக்காலத்திற் போர்த்துக்கலை ஆண்ட மன்னன் யார், ஐயா?" என்று வினவினான். "ஸ்பெயின் தேசத்து மூன்றாம் பிலிப்பு" என்றேன். வகுப்பு முழுவதும் வியப்போடு நோக்கியது. ஸ்பானிய மன்னனுக்குப் போர்த்துக்கலின் முடி கிடைத்தது எவ்வாறு? விடை தேடவேண்டிய இடம் போர்க்களம் மாத்திரமன்று; மணப்பந்தலுமாகும்.

1477 இல் ஒஸ்திரியாவின் ஹப்ஸ்பேர்க் குலத்து மக்ஸிமிலியன், பர்கண்டி நாட்டு மேரியை மணந்தான். அவள் வழியாக வளம் மிகுந்த நெதர்லாந்துப் பிரதேசங்கள் அக்குலத்துக்கு வந்தன. அவர்கள் மகன் பிலிப்பு 1496 இல் ஸ்பானிய இளவரசி ஹுவானாவைக் கைப்பிடித்தான். அன்று அவள் முடிக்குரியவள் அல்லள். உரிமையில் முந்தியோர் ஒருவர்பின் ஒருவராய் மாண்டமையால் அரசுரிமை அவளை அடைந்தது. அவள் மகன் சாள்ஸ் 1516 இல் ஸ்பெயினின் அரசனானான். 1519 இல் புனித உரோமப் பேரரசனாகத் தெரிவுசெய்யப்பட்டான். அரசுரிமைக்குக் காரணமான ஹுவானாவோ, சித்தம் கலங்கியவள் என்று கூறப்பட்டு, 1509 முதல் 1555 இல் இறக்கும்வரை தோர்தெசில்யாஸ் மாளிகையில் அடைபட்டுக் கிடந்தாள்.

சாள்ஸ் 1526 இல் போர்த்துக்கேய இளவரசி இசபெல்லாவை மணந்தான். அவர்கள் மகனே இரண்டாம் பிலிப்பு. 1578 இல் போர்த்துக்கேய மன்னன் செபஸ்தியான் மொறோக்கோப் போரிற் பிள்ளையின்றி மடிந்தான். அவனுக்குப்பின் முடிசூடிய முதியவர் ஹென்றியும் 1580 இல் மறைந்தார். தாய்வழி உரிமையை எடுத்துக்காட்டிய பிலிப்பு, அதற்குத் துணையாகப் படையையும் அனுப்பி, அம்முடியைப் பெற்றான். 1640 வரை போர்த்துக்கல் ஸ்பானிய மன்னர் கையில் இருந்தது.

சேர்த்த சொத்து வெளியே போகலாகாதென அக்குலத்தார் உறவினுள்ளேயே பெண்ணெடுத்தனர். இரண்டாம் பிலிப்பும் நான்காம் பிலிப்பும் தத்தம் சகோதரியின் மகளையே மணந்தவர்கள். நான்காம் பிலிப்பின் மகன் இரண்டாம் சாள்ஸ் பிறவியிலேயே நோயாளி. இருமுறை மணந்தும் பிள்ளையின்றி 1700 இல் இறந்தான். 1701 முதல் 1714 வரை ஐரோப்பா போரில் மூழ்கியது. ஈற்றில் ஸ்பானிய முடி பிரான்சின் பூர்போன் குலத்துக்குச் சென்றது. அவர்கள் காட்டிய உரிமையும் மணவழி வந்ததே!

மணத்தால் எழுந்த குலம் மணத்தாலேயே மாய்ந்தது. ஆயின் எந்த மணவோலையிலும் குடிமக்களின் சம்மதம் கேட்கப்படவில்லை. லிஸ்பன் நகரத்தாரையும் கேட்டாரில்லை. நல்லூரில் வாழ்ந்த நம் முன்னோரையும் கேட்டாரில்லை. அம்மாணவனின் வினாவுக்கு நான் அன்று சொல்லாது விட்ட விடை இதுவே.