உடைந்த டைலில் ஓர் அழகுச் சுவர்

புதிய வீடு ஒன்று கட்டி முடிந்ததும் அதன் வாசலில் எஞ்சிக் கிடப்பவை எவை? சிறிது மணல், செங்கல் துண்டுகள், கூடவே ஒரு சாக்கு நிறைய உடைந்த டைல் சில்லுகள். குப்பை வண்டிக்குப் போகவிருக்கும் அந்தச் சாக்கைக் கேட்டு வாங்கி வந்தால், நம் வீட்டுச் சுவர் ஒன்றை அழகுபடுத்திவிடலாம். செலவு பெரும்பாலும் சிமெண்டுக்கும் மணலுக்கும்தான்.

இது புதிய யோசனை அன்று. ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா நகரில் 1900க்கும் 1914க்கும் இடையே உருவான குயெல் பூங்காவில், பாம்புபோல் நெளிந்து செல்லும் நீண்ட இருக்கை ஒன்று உண்டு. அதன்மேல் முழுவதும் உடைந்த பீங்கானே பதிக்கப்பட்டிருக்கிறது. பூங்காவை அமைத்தவர் கட்டடக் கலைஞர் கௌடி. முழு டைல் வளையாது. சில்லாக்கினாலோ எந்த வளைவிலும் பொருந்தும். நம் நாட்டில் சண்டிகர் நகரில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், உடைந்த வளையல், கோப்பை, தட்டு ஆகியவற்றைக் கொண்டே ஒரு பூங்காவைப் படைத்தார். 1976இல் அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நம் ஊர் மொட்டை மாடிகளிலும் வெயிலைத் திருப்பி அனுப்புவதற்காக வெள்ளைச் சில்லுகள் பதிப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

டைலின் நிறம் ஏன் வெளுப்பதில்லை? அதன் மேலுள்ள பளபளப்பு ஒரு மெல்லிய கண்ணாடிப் படலம். சுமார் 1000 டிகிரி செல்சியசில் உருகிப் படிந்தது. நீலத்துக்குக் கோபால்ட், பச்சைக்குச் செம்பு, பழுப்புக்கு இரும்பு என உலோக ஆக்சைடுகள் அந்தக் கண்ணாடியிலேயே கரைந்திருக்கின்றன. ஆகவே சாயம்போல் அது வெளுத்துப் போவதில்லை.

நிறம் நிலைத்தாலும், சில்லு நிலைக்க வேண்டுமே! பலர் ஆசையோடு பதித்த சில்லுகள் ஒரு மழைக்காலத்தில் பாளம் பாளமாக விழுந்துவிடுவதுண்டு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 சென்டிமீட்டர் கனத்துக்குக் கலவை பூசினால் அதன் எடை மட்டுமே ஏறக்குறைய 20 கிலோ. சில்லுகளையும் சேர்த்தால் 30 கிலோவைத் தாண்டும். இவ்வளவு பாரத்தையும் தாங்குவது கலவைக்கும் சுவருக்கும் உள்ள பிடிப்பு ஒன்றுதான். சுண்ணாம்பு அடித்த சுவரின்மேல் அப்படியே பூசினால், கலவை பற்றுவது சுவரை அன்று. காகிதம்போல் மெலிந்த சுண்ணாம்புப் படலத்தை! அது உரிந்தால் எல்லாமே உரியும். எனவே சுண்ணாம்பையும் பெயிண்டையும் சுரண்டி, பூச்சை உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்தி, நீர் தெளித்த பிறகே கலவை பூச வேண்டும். (வாடகை வீட்டில் இருப்போர் வீட்டுக்காரரைக் கேட்காமல் உளியைத் தொட வேண்டாம்!) ஓதம் ஏறிய சுவர் இதற்கு ஆகாது. நீரில் கரைந்து வரும் உப்பு, பூச்சுக்குள் படிகமாகும்போது சில்லுகளைப் பின்னாலிருந்து தள்ளிவிடும்.

மறுபக்கப் பிடிப்பு டைலின் முதுகில் இருக்கிறது. சுவர் டைல் நுண்துளைகள் நிறைந்தது. தரைக்குப் போடும் விட்ரிஃபைடு டைலோ கல்போல் இறுகியது. இதை நீங்களே சோதிக்கலாம். 100 கிராம் எடையுள்ள சில்லை ஓரிரவு நீரில் போட்டு, துடைத்துவிட்டு மீண்டும் நிறுத்துப் பாருங்கள். சுவர் டைல் என்றால் 10 கிராமுக்கு மேல் ஏறியிருக்கும். விட்ரிஃபைடு அரை கிராம்கூட ஏறாது. முன்னதை ஊறவைக்காமல் பதித்தால் கலவையின் நீரை அது குடித்துவிடும். சிமெண்ட் காய்வதால் இறுகுவதில்லை, நீருடன் வேதிவினை புரிந்தே இறுகுகிறது. நீர் போய்விட்டால் மாவாகவே நின்றுவிடும். பின்னதில் சிமெண்ட் நுழைந்து பற்றத் துளையே இல்லை. அதற்கென விற்கும் டைல் பசையே சரி.

டைலை உடைக்கும்போது ஈரச் சாக்கில் சுற்றிச் சுத்தியால் தட்டுங்கள். சில்லு கண்ணில் தெறிக்காது. நுரையீரலுக்குக் கேடான சிலிக்கா தூசும் அடங்கும். சிமெண்ட் கடுங்காரம் ஆதலால் கையுறை அவசியம். அதே காரம், முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்பூச்சை அரித்துக் கறுக்கச் செய்யும். அத்துண்டுகளைச் சிமெண்டில் பதிக்காதிருப்பது நல்லது.

ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு சலித்த மணல் போதும். ஒரு மணி நேரத்தில் பதிக்கக்கூடிய அளவே குழையுங்கள். சில்லுகளுக்கிடையே மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டு அழுத்துங்கள். மறுநாள் அந்த இடைவெளிகளை வெள்ளைச் சிமெண்டால் நிரப்பி, இறுகும் முன் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். பிறகு ஒரு வாரம் காலையும் மாலையும் நீர் தெளித்து வாருங்கள்.

எட்டாம் நாள் ஒரு நாணயத்தால் ஒவ்வொரு சில்லையும் தட்டிப் பாருங்கள். கெட்டியான ஒலி வந்தால் பிடித்துவிட்டது. வெற்றுப் பானைபோல் ஒலிப்பவற்றை அன்றே பெயர்த்து, ஊறவைத்து, மறுபடி பதித்துவிடுங்கள்.