நஞ்சைக் கணக்கெடுத்தவர்

ரந்தாவுக்குப் பக்கத்துக் கோலா சாவா ஆகட்டும், நெகிரி செம்பிலானின் மற்றத் தோட்டங்கள் ஆகட்டும், பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகும் ஒரு வேலை மாறவில்லை: புல்லுக்கு மருந்தடிப்பது. மலேசியத் தோட்டங்களில் அது பெரும்பாலும் பெண்கள் வேலை. முதுகில் பம்பு, கையில் குழாய். மூடி சரியில்லாத பம்பு கசிந்து சட்டையை நனைக்கும். காற்று திரும்பினால் சாரல் முகத்தில் விழும். நகம் கறுத்து உதிரும், மூக்கில் ரத்தம் வரும். இதற்கெல்லாம் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு மறுநாள் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றால், அது எந்த ஆஸ்பத்திரிக் கணக்கிலும் ஏறாது.

அந்த விடுபட்ட கணக்கைத் தேடியவர் ஜே. ஜெயரத்தினம். அதே பெயருடைய சிங்கப்பூர் அரசியல்வாதி அல்ல. இலங்கையில் ஆய்வு செய்து, பின்னர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தொழில்சார் மருத்துவ அறிஞர். நச்சியல் என்றதும் நமக்கு எலியும் சோதனைக்குழாயும் நினைவுக்கு வரும். இவருடைய கருவி கேள்வித்தாள்.

1982இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த ஆய்வில் அவரும் கூட்டாளிகளும் சொன்னது இது: இலங்கையில் ஆண்டுக்குச் சுமார் 13,000 பேர் பூச்சிமருந்து நஞ்சால் ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள், சுமார் 1,000 பேர் சாகிறார்கள். முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவானவை தற்கொலை முயற்சிகள். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வருபவர் கணக்கு ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிடும். அதனால் 1987இல் வெளியான அடுத்த ஆய்வில் மலேசியா, இலங்கை, இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய நான்கு நாட்டு விவசாயத் தொழிலாளர்களிடமே நேராகப் போய்க் கேட்டார்கள்.

1990இல் அவர் போட்ட பெருக்கல் உலகறிந்தது. வளரும் நாடுகளில் 83 கோடி விவசாயத் தொழிலாளர்கள், அவர்களில் ஆண்டுக்குச் சராசரியாக 3 சதவீதத்தினருக்கு நஞ்சேறுகிறது. ஆக, இரண்டரைக் கோடிப் பேர். ஆசியாவில் கிடைத்த விகிதத்தை உலகத்துக்கே நீட்டுவது முரட்டுக் கணக்குதான், சந்தேகமில்லை. ஆனாலும் அதற்கு முன்பு இருந்தது அதைவிட நல்ல கணக்கு அல்ல. கணக்கே இல்லாத நிலை.

தோட்டத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த நஞ்சு பாராகுவாட். 1962இல் சந்தைக்கு வந்த களைக்கொல்லி. மண்ணில் பட்டதும் களிமண் துகள்களோடு இறுகி ஒட்டிச் செயலிழந்துவிடும், மரத்தின் வேருக்குக் கேடில்லை. முதலாளிகளுக்குப் பிடித்ததற்குக் காரணம் அதுவே. மனித உடம்பில் கதை வேறு. உடலுக்கு வேண்டிய பாலிஅமைன்கள் என்ற பொருள்களை நுரையீரல் செல்கள் வலிந்து உள்ளே இழுக்கும். பாராகுவாட் மூலக்கூறு அவற்றின் சாயலில் இருப்பதால் அதையும் இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. உள்ளே போனது ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கி ஆக்சிஜனிடம் கொடுக்கும், உடனே அடுத்ததற்குக் கை நீட்டும். இந்தச் சுழற்சியில் பிறக்கும் வீரிய ஆக்சிஜன் நுரையீரலை அரிக்கிறது. மூச்சுத் திணறுகிறவருக்கு ஆக்சிஜன் கொடுத்தால் எரிகிற தீயில் எண்ணெய். மருத்துவர் கை கட்டி நிற்கும் அபூர்வ இடம் இது. மாற்று மருந்து இன்றுவரை இல்லை. நுரையீரல் இதை இழுத்துச் சேர்க்கிறது என்று 1974இல் 'நேச்சர்' இதழில் எழுதியவர்கள் வேறு யாருமல்ல, அதைத் தயாரித்த ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வாளர்களே.

சிகிச்சை இல்லாத நஞ்சுக்கு வழி, அது கைக்கு எட்டாமல் செய்வதுதான். இலங்கை 1995இல் மிகக் கொடிய வகைப் பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. 2005க்குள் தற்கொலை விகிதம் ஏறக்குறையப் பாதியானது. பின்னர் பாராகுவாட்டையும் விலக்கியது. மலேசியாவின் போக்கு வளைந்து நெளிந்தது. பெண் தொழிலாளர் உரிமைக்கான தெனாகனிதா அமைப்பு தோட்டப் பெண்களின் நிலையை அறிக்கையாக வெளியிட்ட 2002ஆம் ஆண்டிலேயே அரசு பாராகுவாட்டுக்குத் தடையை அறிவித்தது. 2006இல் தடை தளர்ந்தது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1இல்தான்.

இப்போது பம்பில் இருப்பது கிளைபோசேட், குளூபோசினேட். சுமப்பவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். 1987 ஆய்வில் கேட்ட கேள்விகளை இந்தத் தோட்டங்களில் மறுபடி கேட்க யாராவது கிளம்பினால், தமிழ் மட்டும் போதாது.