பால் பென்லெவே

பால் பென்லெவே (டிசம்பர் 5, 1863 – அக்டோபர் 29, 1933) பிரான்சு நாட்டைச் சேர்ந்த கணிதவியலாளரும் அரசியல்வாதியும் ஆவார். வகைக்கெழுச் சமன்பாடுகளில் ஆறு இவர் பெயரால் வழங்குகின்றன. 1917, 1925 ஆகிய ஆண்டுகளில் இருமுறை பிரான்சின் பிரதமராக இருந்தார். முதல் உலகப் போரின் நெருக்கடியான மாதங்களில் போர் அமைச்சராக இவர் எடுத்த முடிவுகளும், எடுக்கத் தயங்கிய முடிவுகளும் இன்றுவரை விவாதிக்கப்படுகின்றன.

இளமையும் கல்வியும்

பென்லெவே பாரிசில் பிறந்தார். தந்தை கல்லச்சு ஓவியர். 1883இல் எக்கோல் நார்மல் சுப்பீரியர் என்னும் புகழ்பெற்ற உயர்கல்வி நிறுவனத்தில் சேர்ந்த இவர், 1887இல் முனைவர் பட்டம் பெற்றார். ஜெர்மனியின் கோட்டிங்கனில் சிறிது காலம் பயின்றபின் லீல் நகரிலும், 1892 முதல் பாரிசிலும் கற்பித்தார். 1900இல் பிரெஞ்சு அறிவியல் கழக உறுப்பினரானார்.

கணிதப் பணி

ஓர் அளவு, எந்தக் கணத்திலும் தன் வர்க்கத்துக்குச் சமமான வேகத்தில் வளர்கிறது எனக் கொள்வோம். தொடக்க மதிப்பு 1 என்றால், ஓர் அலகு நேரம் கழிந்ததும் அது முடிவிலியை எட்டிவிடும். தொடக்க மதிப்பு 2 என்றால் அரை அலகு நேரத்திலேயே எட்டிவிடும். தீர்வு இவ்வாறு உடைந்துபோகும் இடத்தைச் சிறப்புப் புள்ளி என்பர். நேரியல் சமன்பாடுகளில் அது எங்கே வரக்கூடும் என்பதைச் சமன்பாட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். மேற்சொன்னது போன்ற நேரியலல்லாத சமன்பாடுகளிலோ, தொடக்க மதிப்பை மாற்றினால் அந்த இடமும் நகர்கிறது.

இவ்வாறு நகரும் புள்ளிகள் எளிய வகையாகிய துருவங்களாக மட்டுமே இருக்கும் இரண்டாம் வரிசைச் சமன்பாடுகள் எவை என்பதே பென்லெவே எடுத்துக்கொண்ட கேள்வி. அவற்றை 50 வகைகளாகப் பிரிக்கலாம் என்று தெரியவந்தது. அவற்றுள் 44 வகைகளை ஏற்கெனவே அறிந்த சார்புகளைக் கொண்டு தீர்த்துவிடலாம். எஞ்சிய ஆறும் அதுவரை அறியப்படாத புதிய சார்புகளைத் தந்தன. அனைத்தையும் அவர் ஒருவரே கண்டுபிடித்துவிடவில்லை. அவர் விட்ட இடைவெளிகளை மாணவர் காம்பியே நிரப்பினார். ஆறாவது சமன்பாட்டை ரிச்சர்ட் ஃபுக்ஸ் 1905இல் வேறு வழியில் அடைந்தார். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு காந்தப் பொருள்களை விளக்கும் ஐசிங் மாதிரியிலும், பின்னர் சமவாய்ப்பு அணிகளின் கோட்பாட்டிலும் இச்சமன்பாடுகள் தலைகாட்டின.

ஈர்ப்பு விசையால் இயங்கும் பல பொருள்கள், ஒன்றோடொன்று மோதாமலேயே, முடிவுள்ள நேரத்தில் முடிவிலிக்குத் தூக்கி எறியப்படக்கூடுமா என்ற கேள்வியும் இவருடையதே. மூன்று பொருள்களுக்கு அது நிகழாது என்று 1895இல் ஸ்டாக்ஹோம் சொற்பொழிவுகளில் காட்டினார். ஐந்து பொருள்களுக்கு அது நிகழும் என்று ஷியா என்னும் கணிதவியலாளர் நிறுவி வெளியிட்டது 1992இல்தான். கரும்பலகையில் சுண்ணக்கட்டி சில வேளைகளில் துள்ளித்துள்ளிச் செல்வதைப் பலரும் பார்த்திருப்பர். உராய்வு விதிகளில் பென்லெவே சுட்டிக்காட்டிய முரண்பாட்டுக்கு அதையே எடுத்துக்காட்டாகக் கூறுவதுண்டு.

டிரைஃபஸ் வழக்கு

அரசியலுக்குள் இவரை இழுத்தது ஓர் உரையாடல். யூதரான படைத் தலைவர் ஆல்ஃபிரட் டிரைஃபஸ் செய்யாத உளவுக் குற்றத்துக்காக 1894இல் தண்டிக்கப்பட்டிருந்தார். டிரைஃபஸின் மனைவிக்கு உறவினரான கணிதவியலாளர் ழாக் அடமார், அவ்வழக்கைப் பற்றி பென்லெவேயிடம் பேசினார். அந்தப் பேச்சு இராணுவத் தலைமையகத்தின் கோப்பில் திரிக்கப்பட்டு, உறவினரே டிரைஃபஸை நம்பவில்லை என்பது போலப் பதிவானது. 1899இல் ரென் நகரில் மறுவிசாரணை நடந்தபோது பென்லெவே சாட்சிக் கூண்டில் ஏறி, தன் பெயரால் சொல்லப்பட்டது பொய் என்று மறுத்தார். இராணுவ நீதிமன்றம் டிரைஃபஸை மீண்டும் குற்றவாளி என்றே தீர்ப்பளித்தது; அவர் முழுமையாக விடுவிக்கப்பட்டது 1906இல்தான். பென்லெவே அதன்பின் பொதுவாழ்விலிருந்து விலகவில்லை.

1908 அக்டோபரில் வில்பர் ரைட்டின் விமானத்தில் பயணியாக ஒரு மணி நேரத்துக்கும் மேல் பறந்தது அக்காலத்தில் ஒரு சாதனை. அடுத்த ஆண்டே வானூர்தியியல் கற்பிக்கத் தொடங்கினார். 1910இல் பாரிசின் மாணவர் பகுதியை உள்ளடக்கிய தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார்.

1917

1915 அக்டோபரில் கல்வி அமைச்சரானார். போருக்கு வேண்டிய கண்டுபிடிப்புகளும் இவர் பொறுப்பிலேயே இருந்தன. 1917 மார்ச் 20 அன்று போர் அமைச்சரானபோது, தளபதி நிவேல் பெரும் தாக்குதல் ஒன்றுக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்தார். 48 மணி நேரத்துக்குள் ஜெர்மானிய அணியைப் பிளந்துவிடுவேன் என்பது நிவேலின் வாக்கு. ஆனால் ஜெர்மானியர் அதற்குள் வலுவான புதிய அரணுக்குப் பின்வாங்கிவிட்டனர். பென்லெவே மற்றத் தளபதிகளிடம் தனித்தனியே விசாரித்தார். அவர்களுக்கும் நம்பிக்கை இல்லை.

ஏப்ரல் 6 அன்று கொம்பியேன் நகரில் குடியரசுத் தலைவரின் ரயில் பெட்டியில் கூட்டம் நடந்தது. ஐயங்கள் வெளிப்படையாகவே பேசப்பட்டன. நிவேல் பதவி விலகுவதாகச் சொன்னார். அதை ஏற்கும் துணிவு அங்கிருந்த எவருக்கும் இல்லை. பதவியேற்று மூன்று வாரம்கூட ஆகாத அமைச்சர், பிரித்தானியப் படைகள் தம் பங்குக்குத் தாக்கவிருந்த வேளையில் தலைமைத் தளபதியை நீக்குவது எளிதன்று. எனினும் திட்டம் தவறு என்று முதலிலேயே அறிந்திருந்தவர் என்பதால், பென்லெவேயின் பொறுப்பு மற்றவர்களுடையதைவிடக் கனமானது.

ஏப்ரல் 16 அன்று தொடங்கிய தாக்குதலில், சில நாட்களிலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு வீரர்கள் கொல்லப்பட்டனர் அல்லது காயமுற்றனர். மே 15 அன்று நிவேலை நீக்கி, பெத்தானைத் தலைமைத் தளபதியாக்கினார் பென்லெவே. அதற்குள் படைப்பிரிவுகள் பலவற்றில் வீரர்கள் முன்னணிக்குச் செல்ல மறுக்கத் தொடங்கியிருந்தனர். இராணுவ நீதிமன்றங்கள் 500க்கும் மேற்பட்ட மரண தண்டனைகளை விதித்தன. பெரும்பாலானவை குறைக்கப்பட்டன, ஏறத்தாழ 50 நிறைவேற்றப்பட்டன. ஜூன் மாதத்தில், குடியரசுத் தலைவரின் கருணைக்குக் காத்திராமல் சில தண்டனைகளை உடனே நிறைவேற்றும் அதிகாரமும் பெத்தானுக்கு வழங்கப்பட்டது. இராணுவ நீதிமன்றம் ஒன்றின் அநீதியை எதிர்த்துப் பொதுவாழ்வுக்கு வந்தவர் போர் அமைச்சராக இருந்தபோதே இது நடந்தது.

செப்டம்பர் 12 அன்று பிரதமரானார். இரண்டே மாதத்தில், நவம்பர் 13 அன்று, நாடாளுமன்ற வாக்கெடுப்பில் தோற்றுப் பதவியிழந்தார். தம் நியமனங்களை நியாயப்படுத்தி, ஃபோக்கையும் பெத்தானையும் நியமித்த வரலாற்றை 1923இல் நூலாக எழுதினார்.

பிற்காலம்

பதவியில் இல்லாத ஆண்டுகளில் மீண்டும் கணிதத்துக்குத் திரும்பினார். 1921இல் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகளுக்குப் புதிய வடிவில் ஒரு தீர்வு கண்டார். அது அக்கோட்பாட்டின் குறையைக் காட்டுவதாகவே அவர் கருதினார். இன்று கருந்துளைகளின் விளிம்பை ஆராய அதே வடிவம் பயன்படுகிறது. 1924இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் கஸ்தோன் தூமெர்கிடம் தோற்றார். 1925 ஏப்ரல் முதல் நவம்பர் வரை மீண்டும் பிரதமர். அந்த அமைச்சரவையில் கணிதவியலாளர் எமீல் பொரெல் கடற்படை அமைச்சராக இருந்தார். நிதி நெருக்கடி அந்த அரசையும் வீழ்த்தியது. பின்னர் 1929 வரை போர் அமைச்சராகவும், அதன்பின் இருமுறை வான்படை அமைச்சராகவும் இருந்தார்.

மனைவி மார்கரீத் 1902இல் மகப்பேற்றின்போது இறந்தார். அப்போது பிறந்த மகன் ழான் பென்லெவே, கடற்குதிரை முதலிய கடல்வாழ் உயிரினங்களைப் பற்றிய அறிவியல் திரைப்படங்களால் பின்னாளில் புகழ்பெற்றார்.

பென்லெவே 1933 அக்டோபர் 29 அன்று பாரிசில் காலமானார். அவரது உடல் அரசு மரியாதையுடன் பாந்தியோனில் அடக்கம் செய்யப்பட்டது.