பனிக்குப் பிறந்து மணலில் ஓடும் ஊர்தி

கனடாவிலும் நோர்வேயிலும் வாழும் நம் வாசகர்களுக்குப் பனி ஊர்தி புதிய பொருளன்று. முன்னே இரு சறுக்குப் பலகைகள், பின்னே சுழலும் றப்பர்ப் பட்டி, நடுவே மோட்டார் சைக்கிளை ஒத்த இருக்கை என அமைந்த அவ்வூர்தி, மாரியில் வீதி மறைந்துபோகும் ஊர்களுக்கு வீதியாகவே விளங்குவது. அதன் உடன்பிறப்பு ஒன்று அரபு நாட்டின் செம்மணல் மேடுகளின் மீது ஓடித் திரிகின்றது என்றால் சிலர் வியக்கக்கூடும். கனடாவின் கியூபெக் மாகாணத்திலும் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலும் பனி ஊர்தி செய்து பெயர்பெற்ற நிறுவனங்களே, வளைகுடா நாடுகளின் மணற்பரப்பில் ஓடும் நாற்சில்லு ஊர்திகளிற் பலவற்றையும் செய்து அனுப்புகின்றன. அத்தகைய புத்தம் புதிய ஊர்தி ஒன்றை ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு அண்மையில் ஐக்கிய அரபு அமீரகத்தில் நமக்குக் கிட்டியது.

டுபாயிலிருந்து ஹத்தா மலைப்பகுதியை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், ஷார்ஜா அமீரகத்துக்குரிய அல் பதாயர் என்னும் மணற்பகுதி உள்ளது. அங்குள்ள பெருமேட்டை ஆங்கிலம் பேசுவோர் 'பிக் ரெட்' என அழைப்பர். மணற் துகள்களிற் படிந்துள்ள இரும்பு ஒட்சைட்டே அச்செந்நிறத்துக்குக் காரணம். வெயில் தணிந்திருக்கும் நவம்பர் முதல் மார்ச் வரையான மாதங்களில், வார இறுதி நாள்களில் அப்பகுதி திருவிழாக் கோலம் பூண்டுவிடுகின்றது. வீதியோரக் கொட்டில்களில் ஊர்திகள் மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படுகின்றன. ஓட்டுவோர் உள்ளூர் இளைஞரும் உல்லாசப் பயணிகளும். அவற்றைக் கழுவித் துடைத்துத் திருத்துவோர் பெரும்பாலும் நம் தென்னாசியத் தொழிலாளர்.

நமக்கு ஊர்தியைக் காட்டித் தந்தவர் வன்னியைச் சேர்ந்த ஒரு திருத்துநர், நம் வயதினர். "சேர், பெருவிரலாலை மெல்ல மெல்ல அமத்துங்கோ. ஒரேயடியா அமத்தினால் முன்பக்கம் எழும்பும். மேட்டு உச்சியிலை மற்றப் பக்கம் பாராமல் இறக்கிப்போடாதேங்கோ" என்று அவர் கூறிய எச்சரிக்கையே நமக்குக் கிடைத்த முதற்பாடம்.

இருக்கையின் பொலித்தீன் உறைகூட நீக்கப்படாத ஊர்தி அது. ஏறி அமர்ந்ததும் முதலில் உணரப்படுவது அதன் கனம். ஏறத்தாழ 300 கிலோ எடையுள்ள அதனை மோட்டார் சைக்கிளைப் போல் உடலைச் சற்றே சாய்த்துத் திருப்பிவிட இயலாது. வலக்கைப் பெருவிரலால் அமுக்கும் சிறு நெம்புகோல் வேகத்தைக் கட்டுப்படுத்துகின்றது. ஓடும்போது கியர் மாற்றும் வேலை இல்லை. இரு கப்பிகளுக்கிடையே ஓடும் றப்பர்ப் பட்டி, வேகத்துக்கேற்பத் தானே ஏறியிறங்கி அவ்வேலையைச் செய்துகொள்கின்றது. பெருவிரல் நெம்புகோலும் இப்பட்டியும் பனி ஊர்தியிலும் உள்ளவையே. எனவே கனடாவில் பனி ஊர்தி ஓட்டிய வாசகரின் கைகளுக்கு இது பழகிய ஊர்தியாகவே தோன்றும்.

மணல் நிலமுமன்று, நீருமன்று என்பதே முதல் நூறு மீற்றரில் நாம் அறிந்துகொண்ட உண்மை. மெதுவாகச் செல்கையில் முன்சில்லுகள் மணலைக் குவித்துத் தள்ளுகின்றன. கைப்பிடியைத் திருப்பினாலும் ஊர்தி நேரே போகவே முனைகின்றது. சற்று வேகம் கொடுத்ததும், காற்று குறைக்கப்பட்ட அகன்ற ரயர்கள் மணலின் மேல் மிதக்கத் தொடங்க, ஊர்தி சொல்வழி கேட்கின்றது. வீதியில் அச்சம் வந்தால் வேகத்தைக் குறைத்துப் பழகியவர் நாம். இங்கோ ஏற்றத்தில் குறைத்தால் புதைந்துபோவோம்.

மணல் மேட்டின் காற்று வரும் பக்கம் மெல்லிய சாய்வு உடையது. மறுபக்கமோ மணல் சரிந்து நிற்கும் முகம். அதன் சாய்வு ஏறத்தாழ 32 முதல் 34 பாகை. ஏறும்போது கண்ணுக்கு முன்னே வானம் மட்டுமே தெரிகின்றது. உச்சிக்கு அப்பால் பள்ளமா, மனிதரா, எதிரே ஏறிவரும் மற்றோர் ஊர்தியா என்பது தெரிவதில்லை. ஊர்திகளில் நெடிய கம்பி நட்டு அதன் நுனியில் கொடி கட்டுவது இதன் பொருட்டே. இறங்கும்போது நேராகவே இறங்க வேண்டும். சரிவில் குறுக்கே திருப்பினால் ஊர்தி உருண்டுவிடும். மணலும் நம்முடன் சேர்ந்து வழிந்து இறங்க, வயிறு ஒரு கணம் மேலெழுவது போன்ற உணர்வு. அதில் மகிழ்ச்சி இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

பனி ஊர்தியையே மணலில் ஓட்டினால் என்ன என்று நாம் வினவியபோது, திருத்துநர் சிரித்துவிட்டு விளக்கினார். பனி ஊர்தியின் சுழலும் பட்டி, பிளாஸ்ரிக் பூண்ட தண்டுகளின் மீது வழுக்கி ஓடுவது. அவ்வழுக்கலுக்கு மசகாக அமைவது பனியே. நீரால் குளிர்விக்கப்படும் இயந்திரங்களின் சூட்டைத் தணிப்பதும் பட்டி வாரியிறைக்கும் அப்பனியே. பனியற்ற தரையில் சிறிது தூரம் ஓடினாலே தண்டு தேயும், இயந்திரம் கொதிக்கும். எனவேதான் மணலில் ஓட வேண்டிய பிள்ளைக்குச் சில்லும், காற்றாடியுடன் கூடிய குளிர்விப்பானும், துகள் புகாத காற்று வடிகட்டியும் வேண்டியதாயிற்று.

தாய் ஊர்தி பிறந்த கதை விளையாட்டுக் கதையன்று. 1934 ஆம் ஆண்டு மாரியில், கியூபெக் மாகாணத்து வல்கூர் என்னும் சிற்றூரில், யோசெப் ஆர்மண்ட் பொம்பார்டியே என்ற இளம் திருத்துநரின் இரண்டு வயது மகன் கடும் வயிற்று நோயால் துடித்தான். வைத்தியசாலை இருந்த சேர்புரூக் நகரம் சுமார் 50 கிலோ மீற்றர் தொலைவு. வீதிகள் அனைத்தும் பனியால் மூடுண்டு கிடந்தன. குழந்தை இறந்தது. சிறுவயது முதலே பனியில் ஓடும் பொறி ஒன்றைச் செய்ய முயன்று வந்த அத்தந்தை, 1937 இல் சுழலும் பட்டி அமைப்புக்குக் காப்புரிமை பெற்று, எழுவர் அமரும் மூடிய பனி ஊர்தியை விற்பனைக்கு விட்டார். அவருடைய ஊர்திகள் வைத்தியரையும், நோயாளரையும், தபாலையும், பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றிச் சென்றன.

1948 இல் கியூபெக் அரசு கிராமத்து வீதிகளிலும் பனியகற்ற வேண்டும் எனச் சட்டம் இயற்றியது. வீதி திறந்தது, பெரிய பனி ஊர்திகளின் விற்பனை வீழ்ந்தது. அதன் பின்னரே, 1959 இல், ஓரிருவர் அமரும் சிறிய பனி ஊர்தி வெளிவந்தது. வடபுலத்து மதபோதகருக்கும் வேட்டைக்காரருக்கும் உதவும் என எண்ணிச் செய்யப்பட்ட அது, சில ஆண்டுகளில் நகரத்தாரின் மாரிக்கால விளையாட்டாயிற்று. வீதி இல்லாதவனுக்கு உயிராக இருந்தது, வீதி கிடைத்தவனுக்கு விளையாட்டானது எனலாம்.

வளைகுடாவிலும் நிகழ்ந்தது இதுவே. 1946 க்கும் 1948 க்கும் இடையே வில்பிரட் தெசிகர் என்ற ஆங்கிலேயர் பெரும் பாலைவனத்தை இருமுறை கடந்தது பெது இனத்தவரின் துணையோடு ஒட்டகத்தின் மீதே. 1971 டிசம்பர் 2 இல் அமீரகம் உருவாவதற்குச் சில ஆண்டுகள் முன்வரை இங்கு நகரங்களுக்கிடையே தார் வீதி அரிது. இன்றோ ஆறுவழி நெடுஞ்சாலைகள். ஆகவே ஒட்டகம் பந்தயத் திடலுக்குச் சென்றது. மணலைக் கடப்பது பொழுதுபோக்காயிற்று. 1991 முதல் அமீரகத்தில் பாலைவனக் கார்ப் பந்தயம் நடைபெற்று வருகின்றது. அபுதாபியின் லிவாப் பகுதியில், ஏறத்தாழ 300 மீற்றர் உயரமான மொரீப் மேட்டில், எந்த ஊர்தி விரைந்து ஏறும் என ஆண்டுதோறும் போட்டி நடக்கின்றது. டக்கார் பந்தயமும் 2020 இல் சவூதி அரேபியாவுக்கு இடம்பெயர்ந்தது.

விடுமுறைக்கு வளைகுடா செல்லும் நம் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இவ்வகை ஊர்திகளின் முன்னோடியான மூன்று சில்லு ஊர்திகள் அடிக்கடி கவிழ்ந்து உயிர் குடித்தமையால், 1988 இல் அமெரிக்காவில் அவற்றின் விற்பனையை நிறுத்த உற்பத்தியாளர் உடன்பட்டனர். நாற்சில்லு ஊர்தியும் கவிழாததன்று. தலைக்கவசமின்றி ஏறுவதும், ஒருவருக்கான இருக்கையில் இருவர் அமர்வதும், சிறுவரைப் பெரிய ஊர்தியில் ஏற்றுவதும் தவிர்க்கப்பட வேண்டியவை.

திரும்பி வந்து இறங்கியபின், புதிய ஊர்தியைப் பற்றித் திருத்துநரின் கருத்தைக் கேட்டோம். அவர் தொழில் பழகியது 1990களில், வன்னியில் தம் மாமனாரின் சிறு பட்டறையில். பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த அக்காலத்தில், கார்பரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை எழுப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டிய வித்தையை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். மாரியில் சேறாகிப் போன வன்னிப் பாதைகளில், நோயாளரையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் லாண்ட்மாஸ்டரின் பெட்டியில் வைக்கோல் பரப்பிக் கிடத்தி மல்லாவி வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றதைத் தாம் கண்டதாக அவர் கூறினார். பின்னர் நம் ஊர்தியின் பின்புறத்தைத் தட்டிக்காட்டி, "நல்ல மெசின்தான் சேர். ஆனால் இதிலை ஒரு வருத்தக்காரனைக் கிடத்த இடமில்லையே" என்றார்.

பொம்பார்டியே கேட்ட கேள்வியும் அதுவே. ஆனையிறவும் சங்குப்பிட்டியும் மூடப்பட்டிருந்தபோது கிளாலிக் கடலேரியை இரவில் படகேறிக் கடந்தவர்களும், 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மீண்டும் மூடப்பட்டபோது மருந்துக்காகக் காத்திருந்தவர்களும் கேட்டது அதுவே. ஓர் ஊர்தி எவ்வளவு விரைவாக ஓடும் என்பது இன்று நமக்கு எளிதில் தெரிந்துவிடுகின்றது. அது யாரை ஏற்றிச் செல்லும், எங்கு கொண்டு சேர்க்கும் என்பதை, வீதி மூடுண்ட ஊரில் வாழ்ந்தவரே முதலில் கேட்கின்றனர். பின்புறம் சுமைத்தட்டு அமைந்த மணல் ஊர்திகளையும் அதே நிறுவனங்கள் செய்கின்றன. பல நாடுகளில் மீட்புப் பணியினர் அவற்றில் நோயாளரை ஏற்றிச் செல்கின்றனர். தாயகத்தின் உட்கிராமங்களுக்கு உதவ விரும்பும் புலம்பெயர் சங்கங்கள், அம்புலன்ஸ் செல்ல முடியாத பாதைகள் எவை என்பதை அங்குள்ள வைத்தியர்களிடம் கேட்டறிந்து, அதன் பின் எந்த ஊர்தி வேண்டும் எனத் தீர்மானித்தல் நன்று.